தேம்ஸில் மழை, கூவத்தில் மழை

கூவத்தைத் தேம்ஸ் போல ஆக்கிக் காட்டுவோம் என்ற பேச்சு சென்னைக்குப் புதிதல்ல. 1970-களின் தொடக்கத்தில் கூவத்தில் படகு விட்டுப் பார்த்தார்கள். அதற்காகப் படகுத் துறைகளும் கட்டினார்கள். அதன் பிறகும் திட்டத்துக்குத் திட்டம் அந்தப் பேச்சு திரும்ப வந்திருக்கிறது. அப்படிப் பேசும்போது நம் மனத்தில் எழும் தேம்ஸ் கரையோர நடைபாதையும் பாலங்களும் படகுகளும்தான். இங்கே நான் ஒப்பிட எடுத்துக்கொண்டது வேறு. மழை பெய்கிற நாளில் இந்த இரண்டு ஆறுகளுக்கும் என்ன நேர்கிறது, மழையோடு வரும் கழிவை யார் எப்படி அளக்கிறார்கள், அளந்ததை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.

முதலில் கண்ணில் படுவது ஒரு தலைகீழ் உறவு. லண்டனில் மழை பெய்தால் ஆறு கெடுகிறது. சென்னையில் மழை பெய்தால்தான் கூவம் சில வாரங்களுக்காவது ஆறாக ஓடுகிறது. ஆகவே ஓர் ஊரின் நோய்க்கென்று உருவான அளவுகோலை இன்னோர் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால், அது தவறான இடத்தில் தவறான நேரத்தில் அளக்கும். தேம்ஸிடமிருந்து நாம் கற்க வேண்டியது அதிகம். ஆனால் கருவியை வாங்கி வருவதற்கு முன்னால், அந்தக் கருவி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பிறந்தது என்று கேட்க வேண்டும்.

தலைகீழ் உறவுக்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸின் நாற்றம் தாங்காமல் ஆற்றங்கரை நாடாளுமன்றமே திணறியது. அதன் பிறகே பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்டுக்குப் பணமும் அதிகாரமும் கிடைத்தன. அவர் இரு கரையிலும் ஆற்றுக்கு இணையாகப் பெருங்குழாய்களை ஓட்டி, நகரத்துக் கழிவை வழியில் மறித்து, கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் என்ற இடங்களுக்குக் கொண்டுபோனார். வீட்டுக் கழிவுக்கும் தெருவில் விழும் மழைக்கும் ஒரே குழாய். ஃப்ளீட், எஃப்ரா போன்ற பழைய சிற்றாறுகளும் அந்த வலைக்குள் போய்ச் சாக்கடையாகிவிட்டன. பெருமழையில் குழாய் நிரம்பினால் கழிவு வீடுகளுக்குள் எதிர்த்து ஏறும். அதைத் தவிர்க்க, ஆற்றங்கரை நெடுகிலும் வழிந்தோடும் வாய்களை அவர் வைத்தார். அவை பழுதால் வந்தவை அல்ல. வடிவமைப்பிலேயே வைத்த தப்பும் வழி. சுமார் 40 லட்சம் பேருக்கென்று கட்டிய அந்த அமைப்பில் இன்று இருமடங்குக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். மண்ணாக இருந்த தரை பெரும்பாலும் கல்லும் தாருமாகிவிட்டது. 2000-க்குப் பிறகு சில மில்லிமீட்டர் மழைக்கே வாய்கள் திறந்தன. சராசரியாக வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டன் கழிவு கலந்த நீர் லண்டன் தேம்ஸில் விழுந்துகொண்டிருந்தது.

ஏட்டளவில் பார்த்தால் சென்னையின் அமைப்பு இதைவிட மேலானது. கழிவுக்குப் பாதாளச் சாக்கடை தனி, மழைக்கு வடிகால் தனி. முதலாவது, 1978-இல் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு; நாம் மெட்ரோ வாட்டர் என்கிறோம். இரண்டாவது மாநகராட்சியின் பொறுப்பு. ஆறு நீர்வளத்துறையிடம், ஆற்றின் தரம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம், சீரமைப்பு சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடம். இந்த ஏற்பாட்டின்படி மழைநீர் கழிவைத் தொடவே கூடாது. நடப்பது என்ன என்பதைச் சென்னையில் வாழும் எல்லோரும் அறிவோம். 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது; சேர்ந்த பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது பாதாளச் சாக்கடையே இல்லை. செப்டிக் டேங்கின் வழிவு, அருகில் எந்தக் குழாய் இருந்ததோ அதற்குள் போனது. பெரும்பாலும் அது மழைநீர் வடிகால். சாக்கடை இருந்த பழைய பகுதிகளிலும் கள்ள இணைப்புகள் வடிகாலுக்குள் நுழைந்தன. மழைக்காலத்தில் இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. மாடியில் விழும் மழையைச் சாக்கடைக் குழாயில் விடுகிறோம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறோம். சாக்கடை தாங்காமல் பொங்குகிறது. இரண்டு தனி வலைகள் வரைபடத்தில் மட்டும் தனியாக இருக்கின்றன.

வானமும் இரண்டு ஊருக்கும் வேறு. லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்குபோட்டுப் பெய்கிறது. சென்னைக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். லண்டன் ஓராண்டில் பெறும் மழையில் ஐந்தில் நான்கு பங்கு அது. கடலும் வேறு. லண்டன் பாலத்தருகே ஓதம் ஏழு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அதனால் ஆற்றில் விழுந்த கழிவு நேரே கடலுக்குப் போகாமல், முன்னும் பின்னுமாக ஆடி, கோடையில் வாரக்கணக்கில் நகரத்துக்குள்ளேயே கிடக்கும். சென்னையில் ஓதம் ஒரு மீட்டர் அளவுதான். துறைமுகம் கட்டியபின் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கே தடுபட்டு, மெரினா அகன்றது, கூவத்தின் வாய் அடைபட்டது. நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே அந்த மணல் திட்டை உடைப்பது, ஆண்டின் பெரும்பகுதியில் மனிதரும் இயந்திரமும் செய்யும் வேலை. மழைக்காலத்தில் வெள்ளமே அதைச் செய்துவிடுகிறது.

இனி அளப்பதற்கு வருவோம். தேம்ஸை அளந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த அதே ஃபாரடே. 1855 ஜூலையில் படகில் போனவர், ஆற்றின் நிறத்தைக் கண்டு மனம் பொறுக்காமல், வெள்ளைத் தாளைத் துண்டுகளாகக் கிழித்து, நனைத்து, படகுத் துறைக்குத் துறை தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் மூழ்குவதற்குள் தாள் கண்ணுக்குத் தெரியாமல் போனது. அதை நாளிதழுக்குக் கடிதமாக எழுதினார். வெறும் தாளை வைத்து அவர் செய்த இந்தச் சோதனையில் நல்ல கண்காணிப்புக்கு வேண்டிய எல்லாமும் இருக்கின்றன: ஒரே முறை, பல இடங்கள், தேதி, பொதுவில் வெளியீடு.

பேசல்ஜெட்டின் குழாய்கள் கழிவை நகரத்தைவிட்டு அகற்றினவே தவிர, ஆற்றைவிட்டு அகற்றவில்லை. 1878 செப்டம்பரில் பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணிகள் கப்பல் அந்தக் கழிவு வாய்களுக்கு அருகே மோதி மூழ்கி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கரையேறியவர்கள் அந்த நீரின் கொடுமையைச் சொன்னார்கள். அந்த விபத்துக்குப் பின், 1880-களிலிருந்து நகரத்தின் வேதியியலாளர்கள் கரைந்த ஆக்சிஜனைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார்கள். நூறாண்டுக்கு மேல் நீண்ட அந்தக் கணக்கு உலகில் எந்த ஆற்றுக்கும் அபூர்வமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோடைகளில் பல மைல் நீளத்துக்கு ஆக்சிஜன் பூஜ்யம். 1957-இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வு, லண்டன் பகுதித் தேம்ஸ் உயிரியல் நோக்கில் செத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தது. பெக்டன், கிராஸ்னஸ் நிலையங்கள் விரிவாக்கப்பட்டபின் ஆக்சிஜன் கணக்கின் கோடு மேலே ஏறியது. 1974-இல் ஒரு சால்மன் மீன் மீண்டும் அகப்பட்டது. அதற்கு முன் சால்மன் கிடைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நிலையங்களுக்குப் போட்ட பணம் பலன் தந்ததா என்ற கேள்விக்கு அந்தக் கோட்டைக் காட்டியே பதில் சொல்ல முடிந்தது.

அதன் பிறகு எஞ்சியது மழை. 2004 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஒரு கோடைப் புயல்மழையில் 6 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கலப்புக் கழிவு தேம்ஸில் விழுந்து, ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அப்போது ஆற்றில் தானியங்கி மானிகள் இருந்தன. கால் மணிக்கு ஒருமுறை ஆக்சிஜனையும் வெப்பத்தையும் பதிவு செய்துவந்தன. அளவு சரிந்தால் ஆக்சிஜனை ஊதுவதற்கென்றே தனிப் படகுகளும் இருந்தன. மானி காட்டும் எண் ஒரு படகை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிறது! கண்காணிப்புக்கு இதைவிடத் தெளிவான பயன் எனக்குத் தெரியவில்லை.

தேம்ஸுக்கென்று வகுத்த தர எல்லைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் ஒரு வாரம் கிடப்பது ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் நேரக்கூடாது. 2 மில்லிகிராமுக்குக் கீழே போவது, ஒரே ஓதத்தின் நேரம்தான் என்றாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. 1.5 மில்லிகிராம் என்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை. இந்த ஆற்று மீன்கள் எவ்வளவு தாழ்வை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சோதித்து எழுதிய எல்லைகள் இவை. எவ்வளவு, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்ற மூன்றும் சேர்ந்த அளவுகோல். மழை என்பது நிகழ்ச்சி. நிகழ்ச்சியை ஆண்டுச் சராசரியால் அளக்க முடியாது என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். அந்த எல்லைகளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்ற கணக்கிலிருந்துதான் டைட்வே சுரங்கம் பிறந்தது: 25 கிலோமீட்டர் நீளம், 7.2 மீட்டர் விட்டம், 2025 பிப்ரவரியில் முழு இணைப்பு. வழியும் கழிவை வாங்கித் தேக்கி, பெக்டன் நிலையத்துக்கு அனுப்புகிறது.

கூவத்தின் பக்கம் திரும்பினால், நம்மிடம் இருப்பது பிஓடி என்ற எண். நீரில் உள்ள கழிவைக் கிருமிகள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு அது. அந்தச் சோதனையே பிரிட்டனில் பிறந்ததுதான். 1898 முதல் 1915 வரை இயங்கிய கழிவகற்று அரச ஆணையம் அதை வகுத்தது: மாதிரியை ஐந்து நாள், பிரிட்டனின் கோடைக்கேற்ற 65 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 18 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்க்க வேண்டும். உலகம் முழுவதும் பின்னர் 20 டிகிரி, ஐந்து நாள் என்று நிலைத்தது. நம் நாடு அதை அப்படியே ஏற்கவில்லை. இந்தியத் தர நிர்ணயம் 27 டிகிரி, மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டது. வெயில் நாட்டில் கிருமி வேகமாக வேலை செய்யும். இந்தச் சிறு திருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அயலூர்ச் சோதனையை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப ஒருமுறை திருத்தியவர்கள், எங்கே எப்போது அளப்பது என்பதையும் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு நம் விதிப்படி பிஓடி லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட, மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் பற்றிய அறிக்கையில், கூவத்தில் ஆவடி முதல் சத்யா நகர் வரையான பகுதிக்குப் பதிவான எண் 345. நாட்டிலேயே அதுதான் உச்சம். வீட்டுச் சாக்கடைக் குழாயிலிருந்து நேராக எடுத்த நீரின் பிஓடி வழக்கமாக 200-க்கும் 350-க்கும் இடையில் இருக்கும். அப்படியானால் 345 என்பது கழிவு கலந்த ஆற்றின் எண் அல்ல. வழியில் எந்த நல்ல நீரும் கலக்காத கழிவின் எண். மாதிரி எடுத்த இடத்தில், எடுத்த பொழுதில், ஆறு என்று எதுவும் அங்கே ஓடவில்லை.

அந்த எண் நமக்குச் சொல்லாதவை பல. தேசியக் கண்காணிப்புத் திட்டத்தின்படி குறித்த இடங்களில் மாதத்துக்கு ஒருமுறை என்ற அளவில் மாதிரி எடுக்கிறார்கள். மாதம் ஒரு புட்டி என்பது, நாளெல்லாம் ஒரே மாதிரி ஓடும் கழிவை அறியப் போதும். மழையை அறிய அது உதவாது. அக்டோபரில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் முதல் மழை, வடிகாலில் கோடை முழுவதும் தங்கிய கசடையும், சாலையின் எண்ணெயையும், குப்பையையும் ஒரே தள்ளில் ஆற்றுக்குள் தள்ளுகிறது. ஆற்றின் அடியில் உறங்கிக் கிடந்த கறுப்புச் சேறும் கிளறி மேலே வருகிறது. அந்தச் சேறு நீரிலுள்ள ஆக்சிஜனை மணிக்கணக்கில் உறிஞ்சிவிடும். முதல் மழையை ஒட்டி முகத்துவாரங்களில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுவே வழி. அன்று புட்டியோடு யாரும் பாலத்தில் நிற்பதில்லை. அடுத்த தேதிக்கு ஆள் வரும்போது வெள்ளம் எல்லாவற்றையும் கடலில் சேர்த்திருக்கும். அப்போது கிடைக்கும் எண் நன்றாகக்கூட இருக்கும்.

மழை தண்ணீரைப் பெருக்கிக் கழிவை நீர்க்கச் செய்கிறது. செறிவு குறைகிறது, எடை குறைவதில்லை. லிட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் அளக்கிறவருக்கு நவம்பர் கூவம் தேறிவிட்டதாகத் தெரியும். ஒரு நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால், அந்த ஒரு மாதத்தில் கடலுக்குப் போன கழிவின் சுமை கோடை மாதங்களைத் தாண்டக்கூடும். ஓட்டத்தை அளக்காத தரக் கணக்கு, மழை நாட்டில் பாதிக் கணக்கு. வெள்ள எச்சரிக்கைக்காக மழைமானிகளும் நீர்மட்ட மானிகளும் ஊரில் பெருகிவருகின்றன. தர மாதிரியும் அதே இடத்தில் அதே நேரத்தில் எடுக்கப்பட்டால், புதிய செலவு அதிகமில்லாமல் இந்தப் பாதி நிரம்பும். தடையாக நிற்பது, ஒரே ஆற்றை இத்தனை அலுவலகங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பதுதான்.

மழை கொண்டுவருவது சாக்கடை மட்டுமல்ல என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் காட்டியது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திகளிலும் கூழைக்கடாக்களின் சிறகுகளிலும் ஒட்டிக்கொண்டது. அதை முதலில் கண்டறிந்து சொன்னது எந்த மானியும் அல்ல. விடிந்ததும் ஆற்றில் இறங்கிய மீனவர்களின் கண்ணும் மூக்கும்.

இங்கிலாந்தின் கதையிலும் மக்களின் கண்கள்தான் முதலில் வந்தன. வழிந்தோடும் வாய்களில் எப்போது கழிவு விழுகிறது என்பதை நீண்ட காலம் யாரும் ஒழுங்காக அளக்கவில்லை. 2010-இல் நூற்றுக்கு ஏழு வாய்களில்தான் மானி இருந்தது. தூண்டில்காரர்களும் ஆற்று நீச்சல்காரர்களும் விடாமல் கேட்ட பிறகு, 2023 இறுதிக்குள் இங்கிலாந்தின் சுமார் 14,500 வாய்களிலும் மானி வந்துவிட்டது. எளிய கருவி அது. வாயின் அறைக்குள் நீர்மட்டம் தடுப்பைத் தாண்டினால் நேரத்தைக் குறிக்கும், இறங்கினால் மீண்டும் குறிக்கும். 2022-இல் பதிவானவை 3,01,091 வழிவுகள், 17.5 லட்சம் மணி நேரம். 2023-இல் 4,64,056 வழிவுகள், சுமார் 36 லட்சம் மணி நேரம். இருமடங்கு மோசமாகிவிட்டதா? 2022 வறட்சி ஆண்டு, 2023 நல்ல மழை ஆண்டு. பக்கத்தில் மழையின் அளவை வைக்காமல் இந்த எண்களைப் படிப்பது பொருளற்றது.

அப்படிப் பக்கத்தில் வைத்துப் படித்தவர் பீட்டர் ஹாமண்ட் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர். தேம்ஸின் துணையாறான விண்ட்ரஷைக் காக்க அயலாரோடு சேர்ந்தவர். சுத்திகரிப்பு நிலையங்களின் ஓட்டப் பதிவுகளைத் தகவல் உரிமை வழியாகக் கேட்டு வாங்கி, வழிவு நடந்தால் அந்தப் பதிவின் கோடு எந்த வடிவம் எடுக்கும் என்று கணினிக்குப் பழக்கி, யாரும் அறிவிக்காத வழிவுகளைத் தேடி எடுத்தார். மழையே இல்லாத நாட்களிலும் சில வாய்கள் திறந்திருந்தன. பெருமழையில் தப்பும் வழியாக அனுமதிக்கப்பட்ட வாய் வெயில் நாளில் திறந்தால், அங்கே குழாயோ பம்பிங் திறனோ பற்றவில்லை என்று பொருள், அது சட்டமீறல். 2021-இல் ஒழுங்குமுறை அமைப்புகள் பெரிய விசாரணையைத் தொடங்கின. லண்டனின் கழிவுநீரைக் கையாளும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்துக்கு 2025 மே மாதம் விதித்த 12.27 கோடி பவுண்ட் அபராதத்தின் பெரும்பகுதி கழிவுநீர்த் தவறுகளுக்கானது.

இந்த மானிக்கும் குறை உண்டு. அது கடிகாரம், எத்தனை மணி நேரம் என்று சொல்லும், எத்தனை லிட்டர் என்றோ அதில் என்ன இருந்தது என்றோ சொல்லாது. பத்து மணி நேரச் சொட்டும் பத்து மணி நேரப் பெருக்கும் அதன் ஏட்டில் ஒன்று. 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் அடுத்த படியைக் கேட்கிறது: வழிவு தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பொதுவில் அறிவிக்க வேண்டும், வாய்க்கு மேலும் கீழும் ஆற்றில் ஆக்சிஜன், அம்மோனியா, கலங்கல் ஆகியவற்றைத் தொடர்ந்து அளக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்பதில்தான் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த வாயின் பங்கு. இதை வேறு யார் தலையிலும் போட முடியாது.

இந்தக் கடிகாரத்தைக் கூவத்தின் கரையில் பொருத்தினால் என்ன தெரியும்? எந்நேரமும் திறந்திருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். லண்டனுக்குத் தெரிய வேண்டியது, மழை நாளில் எப்போது வழிந்தது என்பது. நமக்குத் தெரிய வேண்டியது, மழையில்லாத நாளில் எங்கிருந்து வருகிறது என்பது. ஆகவே நம் கண்காணிப்பு மே மாதத்தில் தொடங்க வேண்டும். கத்திரி வெயிலில் ஒரு மழைநீர் வடிகாலின் வாயிலிருந்து தண்ணீர் ஆற்றில் விழுகிறது என்றால் அது மழை அல்ல. அதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். வாயின் இடம், விழும் அளவு, நிறம், நுரை, நாற்றம். முடிந்தால் அம்மோனியாவுக்கு ஒரு சோதனைத் தாள். வாய் வாயாக இதைப் பதிந்து, வரைபடத்தில் போட்டு, மெட்ரோ வாட்டரும் மாநகராட்சியும் மக்களும் ஒரே பக்கத்தில் பார்க்கும்படி வைத்து, அடுத்த மே மாதம் அதே வாய்களுக்குத் திரும்பப் போக வேண்டும். நின்ற வாய்கள் எத்தனை என்பதே திட்டத்தின் மதிப்பெண்.

லண்டனும் இதைச் செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நகரத்தின் வெளிவட்டப் பகுதிகளில் சென்னையைப் போலவே மழைக்கும் கழிவுக்கும் தனித்தனிக் குழாய்கள். அங்கேயும் சலவை இயந்திரத்தின் குழாயை, கழிப்பறைக் குழாயைக்கூட, தெரியாமல் மழைக் குழாயில் சேர்த்துவிடுகிறார்கள். 2016-இல் கிரேன் என்ற சிற்றாற்றில் தொடங்கி, லண்டன் விலங்கியல் கழகம் தன்னார்வலர்களைப் பழக்கி, கரை நெடுக நடந்து ஒவ்வொரு வடிகால் வாயையும் பார்த்து மதிப்பெண் போட வைத்தது. மோசமானவை நிறுவனத்துக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் போயின. டைட்வே சுரங்கம் தேம்ஸின் பெருமை என்றால், கூவத்துக்கு வேண்டிய பாடம் இந்தச் சிற்றாறுகளில் இருக்கிறது. நாம் பார்க்கப் போகும் லண்டனை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நியாயக் கேள்வியும் உண்டு. 2015-க்குப் பின் சுமார் 600 கோடி ரூபாய்க் கூவம் சீரமைப்புத் திட்டத்தில், கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்குக் குடிமாற்றப்பட்டன. தினம் குடத்தில் தண்ணீர் பிடித்த வீட்டிலிருந்து எவ்வளவு கழிவுநீர் வந்திருக்கும்? ஆற்றை நிரப்பும் கழிவு, நாள் முழுதும் குழாயில் தண்ணீர் வரும் வீடுகளிலிருந்தும் அடுக்ககங்களிலிருந்தும் வணிக வளாகங்களிலிருந்தும் வருவது. வாய் வாயாக அளந்த கணக்கு பொதுவில் இருந்தால், பழி யார்மீது எவ்வளவு விழ வேண்டும் என்பது எண்ணாகவே தெரிந்துவிடும். அளக்காத இடத்தில் பழி எப்போதும் எளியவர்மேல்தான் இறங்குகிறது.

தேம்ஸில் துடுப்புப் போடுகிறவர்களும் நீந்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பு அந்தத் தண்ணீரைத் தொடுவதால், எண் வேண்டும் என்று கேட்கும் குரல் அங்கே ஓயவில்லை. கூவத்தை யாரும் தொடுவதில்லை என்று நாம் நினைக்கிறோம். முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர் தொடுகிறார். அடைப்பெடுக்கும் தொழிலாளி தொடுகிறார். வெள்ளம் வீட்டுக்குள் வந்த இரவில் அரும்பாக்கத்திலும் அமைந்தகரையிலும் தரைத்தளத்தில் இருந்தவர்கள் இடுப்பளவு அதில் நின்றார்கள். அவர்களுக்கு நோய் தரும் கிருமிகள் எவ்வளவு இருந்தன என்பது, தண்ணீர் வடிவதற்கு முன் அளந்து சொல்ல வேண்டிய செய்தி. வெள்ள எச்சரிக்கையோடு இந்த எச்சரிக்கையும் வர வேண்டும்.

கடைசியாக ஓட்டம். டெடிங்டன் அணைக்கு மேலே லண்டன் தன் குடிநீரின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டாலும், வறட்சியிலும் இவ்வளவு நீர் அணையைத் தாண்டி விடப்பட வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. கழிவை முழுக்க நிறுத்தினாலும் அங்கே ஆறு மிஞ்சும். சுமார் 72 கிலோமீட்டர் நீளமுள்ள கூவத்தின் மேற்பகுதி நீர் அணைக்கட்டுகளில் ஏரிகளுக்குத் திரும்பிவிடுகிறது. சென்னைக்குள் கோடையில் ஓடுவது நம் கழிவும் சுத்திகரித்து விட்ட நீரும்தான். 2019 முதல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறோம்; நன்னீரைச் சேமிக்கும் நல்ல ஏற்பாடு அது. எல்லா வாய்களையும் அடைத்து, எல்லாச் சுத்திகரித்த நீரையும் விற்றுவிட்டால், பிஓடி அளக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. அதில் எத்தனை கோடி லிட்டரைக் கூவத்துக்கென்று ஒதுக்குவது, எந்தப் பாலத்தருகே விடுவது என்பதை இப்போதே பேசித் தீர்மானிக்க வேண்டும். அதற்கு, ஆவடி தொடங்கி நேப்பியர் பாலம் வரை பாலத்துக்குப் பாலம், மேயிலும் அக்டோபரின் முதல் மழையிலும் நவம்பர் வெள்ளத்திலும், ஓட்டத்தையும் தரத்தையும் சேர்த்து அளந்த ஓராண்டுக் கணக்காவது கையில் வேண்டும்.